குரோஷாவும் தையலும் வீட்டிலேயே கற்க விரும்புகிறேன்: எதிலிருந்து தொடங்கலாம்?

அம்பை வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பிறகு பகலில் கிடைக்கும் நேரத்தில் கைவேலை ஒன்றை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்படுகிறேன். குரோஷாப் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம், ஒரே ஒரு கொக்கி ஊசியும் ஒரே ஒரு நூலும் சேர்ந்து இவ்வளவு அழகான பொருளாகிவிடுகின்றனவே என்று வியப்பேன். வீட்டில் மாமியார் பயன்படுத்திய கால்மிதித் தையல் இயந்திரமும் இருக்கிறது. அதையும் மீண்டும் ஓடவைக்க வேண்டும்.

ஃபேன்சி ஸ்டோரில் நூல் கேட்டால் கம்பளி நூலைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது வியர்வையோடு விரலில் ஒட்டிக்கொள்கிறது. காணொளிகளைப் பார்த்துப் பழகலாம் என்றால், ஒருவர் சிங்கிள் என்று சொல்லும் தையலை இன்னொருவர் டபுள் என்கிறார். இவற்றைவிட என்னைத் தயங்கவைப்பது வீட்டில் கேட்கும் ஒரு கேள்விதான்: கடையில் இத்தனை மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும்? மனத்தில் பதில் இருக்கிறது, ஆனால் சொல்லத் தெரியவில்லை. குரோஷாவா, தையலா, எதை முதலில் எடுக்கலாம், எந்தப் பொருளில் தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாளை தையல் ஆசிரியை எழுதுகிறார்:

தங்கைக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பள்ளித் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். குரோஷாவில் தொடங்குங்கள் என்பதே என் கருத்து. பிழை நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடியும் பின்னலாம்; வெட்டிய துணிக்கு அந்த வசதி கிடையாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் ஒரு முழம் நூல்கூட வீணாகாது என்ற நிம்மதி கைக்கு மிகப் பெரிய துணிச்சலைக் கொடுக்கும்.

கம்பளி நூல் என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழைதான். நம் ஊர் வெக்கைக்குப் பருத்தி நூலே பொருத்தம். அதிலும் மெர்சரைஸ்டு பருத்தி என்று கேட்டு வாங்குங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், பருத்தியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தால் இழை பருத்து வலுவடைவதையும் சாயத்தை நன்றாக ஏற்பதையும் கண்டறிந்தார். அப்படி நனைக்கும்போது நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தால் பட்டுப்போன்ற பளபளப்பும் வருகிறது என்பது 1890 வாக்கில் ஹொரேஸ் லோ என்பவரால் தெரியவந்தது. அத்தகைய நூல் ஊசியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும்; பின்னிய தையல் ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும். அம்பையில் இருக்கும் உங்களுக்கு நூலின் கதை அந்நியமாக இராது. உங்களுக்கு அடுத்த ஊரான பாபநாசத்தில்தான் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை தொடங்கினார்கள். பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று நாம் அனைவரும் அறிந்த பெயர் அந்த ஆலைக்கு வந்தது.

நூலின் எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 20-ஆம் எண் நூலுக்கு 1.25 மில்லிமீட்டர் எஃகு ஊசி தேவைப்படும். அது பழகிய கைக்கு உரியது. இப்போது பல இழை சேர்த்து முறுக்கிய தடித்த பருத்தி நூலும் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் ஊசியும் போதும். வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பு நூலில் தையலின் வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

காணொளிக் குழப்பத்துக்குக் காரணம், அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஒரே தையலை வெவ்வேறு பெயரில் அழைப்பதுதான். அமெரிக்கர் சிங்கிள் என்பதை ஆங்கிலேயர் டபுள் என்பார்கள். அமெரிக்கர் டபுள் என்பது ஆங்கிலேயருக்கு டிரெபிள். ஆங்கிலேயர் முறையில் சிங்கிள் என்று ஒரு தையலுக்குத் தனியே பெயர் சொல்லும் வழக்கம் அரிது. எனவே செய்முறையில் சிங்கிள் என்ற சொல் வந்தால் அமெரிக்க முறை என்று கொள்ளலாம். நானும் இங்கே அமெரிக்க முறைப் பெயர்களையே எழுதுகிறேன். அதில் சிங்கிள் என்பது குட்டையான தையல், டபுள் அதைவிட உயரமானது.

முதல் பொருளாக அடுப்படியில் சூடான பாத்திரத்தை இறக்கும் கரித்துணியைப் பின்னுங்கள். சுருக்கு முடிச்சுப் போட்டு 30 சங்கிலி பின்னி, அதன்மேல் சிங்கிள் தையலாகவே வரிவரியாகச் சென்றால் ஒரு சதுரம் வரும். அதேபோல் இன்னொன்று பின்னி இரண்டையும் ஓரத்தில் இணைத்துவிட்டால் கைக்குச் சூடு ஏறாது. இதற்குப் பருத்தி நூல் கட்டாயம். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையிலும் பாத்திரத்திலும் ஒட்டிவிடும். ஈரக் கரித்துணியால் பாத்திரத்தைப் பிடிப்பதும் ஆபத்து, ஏனென்றால் ஈரம் சூட்டை விரைவாகக் கைக்குக் கடத்தும்.

பழகுபவர்கள் பின்னும் சதுரம் போகப்போகக் குறுகுவது வழக்கம். வரியின் கடைசித் தையல் சற்று மறைந்திருப்பதால் அதைத் தாண்டிவிடுகிறோம். ஒவ்வொரு வரியின் முதல் தையலிலும் கடைசித் தையலிலும் ஓர் ஊக்கை மாட்டிவைத்து, வரி முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். சில நாளில் எண்ணிக்கை தானாகவே விரலுக்கு வந்துவிடும். அதன் பிறகு கிடைக்கும் சுகம் தனி. கை ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும், மனம் அதன் பின்னால் அமைதியாக நடக்கும். வகுப்பில் ஓயாமல் பேசும் பிள்ளைகள்கூட அந்த நிலை வந்ததும் தாமாகவே பேச்சை மறந்து பின்னியதை நான் கண்டிருக்கிறேன்.

மேலப்பாளையம் தையற்காரர் எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். ஆசிரியை அம்மா சொன்ன முறையில் குற்றமில்லை. ஆனாலும் வீட்டில் இயந்திரம் இருக்கும்போது அதைக் காத்திருக்கவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓடாத இயந்திரம்தான் விரைவில் கெடும்.

முதலில் தூசியையும் பழைய நூல் துணுக்குகளையும் தூரிகையால் நீக்கி, எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விடவே கூடாது. அது நாளடைவில் பிசினாக இறுகிச் சக்கரத்தையே பிடித்துவிடும். தோல் பட்டை தளர்ந்திருந்தால் சிறிது வெட்டிக் கொக்கியை மாட்டினால் போதும். ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு 14, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும்.

நூல் கோக்காமல், கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின்மேல் ஓட்டிப் பழகுங்கள். சக்கரம் பின்னோக்கிச் சுழலாதபடி சீராக மிதிக்கப் பழகுவதுதான் பாதிக் கல்வி. பிறகு நூல் கோத்துத் தைக்கும்போது துணியின் அடிப்பக்கம் நூல் குவிந்து சிக்கினால், பலரும் உடனே பாபின் கேஸின் (அடிநூல் கண்டை வைக்கும் சிறு கூட்டின்) திருகாணியைத் திருப்பத் தொடங்குகிறார்கள். அடியில் தெரியும் சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மேல் நூல்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து மறுபடியும் கோத்தால் சரியாகிவிடும்.

துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துத் தேயுங்கள். சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிடட்டும். பிறகு நெடுக்கு இழையான பாவு எது, குறுக்கு இழையான ஊடை எது என்று இழுத்துப் பாருங்கள். பாவு நீளவாக்கில் அசையாமல் நிற்கும், ஊடை சற்றே நெகிழ்ந்துகொடுக்கும், மூலைவாக்கில் இழுத்தால் ரப்பர்போல நீளும். பாவு உடம்பின் நெடுக்கில் வரும்படி வெட்டிய உடை தொங்காமல் நிற்பதும், மூலைவாக்கில் வெட்டிய பட்டி கழுத்து வளைவில் சுருக்கம் இல்லாமல் படிவதும் இதனால்தான். நெசவாளர் ஊர்கள் நம்மைச் சுற்றி இருப்பதை எண்ணி நான் மகிழ்வதுண்டு. வீரவநல்லூரின் செடிபுட்டாச் சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அங்கே தறியில் பூ எழும்புவதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் கத்தரிக்கோலைத் துணியில் வைக்குமுன் ஒரு கணம் யோசிப்பார்கள்.

நேர்த் தையல் மட்டுமே வேண்டிய பொருள்களாக முதலில் எடுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் துணிப்பை, தலையணை உறை, பிறகு உள்பாவாடை. 2019 ஜனவரி முதல் தேதியில் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பைகள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கமும் வந்தது. அதனால் பை எத்தனை தைத்தாலும் வீட்டில் தேவை இருக்கும். பையின் கைப்பிடியைத் துணியோடு சேரும் இடத்தில் கட்டம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறியாகத் தைத்தால் ஐந்து கிலோ அரிசியும் தாங்கும்.

கடைப்பொருள் மலிவு என்ற கேள்விக்கு என் தொழிலிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். கடையில் வாங்கும் ஆயத்த உடையின் உள்ளே பிரித்துவிடுவதற்குத் துணி இருக்காது. வீட்டில் தைக்கும் ரவிக்கையில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விடலாம், உடம்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம். பெண் குழந்தையின் பாவாடையில் இரண்டு மூன்று டக் (மடித்துத் தைத்த மடிப்பு) பிடித்துவைத்தால், வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கிக்கொண்டே வரலாம். பிரித்த கோடு தெரியும் இடத்தில் ஒரு பூப்பட்டி வைத்தால் அதுவே அலங்காரமாகிவிடும். சுடிதாருக்குப் பை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். தமக்கென்று தைத்துக்கொண்ட உடையின் பையில் முதன்முறை கையை விட்டுப் பார்க்கும் பெண்களின் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

திசையன்விளை வாசகர் எழுதுகிறார்:

வணக்கம். மலிவு என்ற கேள்விக்குத் தையற்கார அண்ணாச்சி சொன்ன பதிலோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கத்து ஊரான இடையன்குடிக்கும் லேஸ் வேலைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் உள்ளூர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கு பணியாற்றிய மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார்; அவர் வழியாக அந்த வேலை தேரிக்காட்டை ஒட்டிய இந்தப் பகுதிக்கும் வந்துசேர்ந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது என்பது பலருக்குத் தெரியும். அதே வீட்டில் இருந்த எலைசாவின் கையிலிருந்து எத்தனை பெண்களின் விரல்களுக்கு ஒரு கலை சென்றது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மிஷனரிப் பெண்கள் கொண்டுவந்த லேஸ், குரோஷா அன்று. திண்டு ஒன்றின்மேல் வரைபடத்தை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, மரக் கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிமாற்றிப் பின்னும் முறை அது. கட்டைகள் பல ஜோடி இருக்கும். குரோஷாவில் ஓர் ஊசியும் ஒரு கண்ணியும் மட்டுமே. திண்டு லேஸைப் போன்ற துணியைப் பின்ன 19-ஆம் நூற்றாண்டிலேயே இயந்திரங்கள் வந்துவிட்டன. குரோஷாவை மனிதக் கை பின்னுவதைப் போலவே பின்னித்தரும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இன்றும் இல்லை. ஆகவே கடையில் மலிவாகத் தொங்கும் உண்மையான குரோஷாச் சட்டையையும் எங்கோ ஒரு பெண்தான் தையல் தையலாகப் பின்னியிருக்கிறாள். அந்த விலைச்சீட்டில் நூல், கப்பல், கடை வாடகை எல்லாவற்றையும் கழித்தபின் அவளுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறு மேசை விரிப்பையாவது நீங்களே பின்னி முடித்துவிட்டால், பிறகு எந்தக் கைவேலைப் பொருளையும் விலை பேசிக் குறைக்க மனம் வராது. வீட்டாருக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பதில் இதுதான். நேரம் வீணாகிறது என்று சொல்பவர்கள், அந்த நேரத்தின் மதிப்பை இதுவரை யாரோ ஒருவர் தமக்காக ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதை அறியாதவர்கள்.

சுரண்டை வாசகி எழுதுகிறார்:

அம்பை மதினிக்கு வணக்கம். புதிய நூல் வாங்குவதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். எங்கள் வீட்டில் நூல்சேலை கிழிந்தால் தொட்டிலாகும், தொட்டில் நைந்தால் பிள்ளைக்குத் துணியாகும், அதற்கும் பிறகுதான் கரித்துணி. பழகிய பருத்தியின் மென்மை புதிய துணி எதற்கும் வராது. அடுக்கடுக்காக மூன்று பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்று விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டுத் தையல் போட்டால் மார்கழிக் குளிருக்குப் போதுமான போர்வை தயார். நடுவிலிருந்து தொடங்குவதால் அடுக்குகள் நகர்ந்து சுருக்கம் விழாது.

குரோஷாவுக்கும் இந்தச் சேலைகளே நூலாகும். அகலவாட்டில் ஒரு முனையிலிருந்து மற்றொரு முனைக்குக் கிழித்து, முனையை அடையுமுன் ஓரங்குலம் விட்டுத் திரும்பிக் கிழித்தால் முடிச்சே இல்லாத ஒரே நாடாவாக வரும். ஐந்தரை மீட்டர் சேலையை ஓர் அங்குல நாடாவாக்கினால் ஏறத்தாழ 250 மீட்டர் கிடைக்கும். அதை 10 மில்லிமீட்டர் ஊசியால் வட்டமாகப் பின்னினால் வாசலுக்குக் கால்மிதி. முதல் சுற்றில் 6 சிங்கிள், அடுத்ததில் 12, அதற்கடுத்து 18 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரம் அலையலையாக நெளிந்தால் கூட்டியது அதிகம். கிண்ணம்போலக் குழிந்தால் கூட்டியது போதவில்லை. வழவழப்பான தரையில் போடுவதென்றால் அடியில் ரப்பர் வலை ஒன்றை வைத்துத் தையுங்கள், பெரியவர்கள் வழுக்கி விழக் கூடாது. செயற்கை இழைச் சேலையைக் கால்மிதிக்கு எடுத்தால் தண்ணீரை உறிஞ்சாது.

பத்தமடைப் பாயைப் பார்க்கும்போதும் எனக்கு இதே எண்ணம்தான் வரும். பருத்திப் பாவில் கோரை ஊடையாகப் போகிறது, அவ்வளவுதான். அந்தக் கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து கொடுக்கிறார்கள். ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் புல் கல்யாணச் சீராகிறது என்றால், நம் வீட்டுப் பழைய சேலை எதுவாகத்தான் ஆக முடியாது?

அம்பை வாசகி மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திருநெல்வேலி டவுன் ரத வீதியில் தேடித் தடித்த பருத்தி நூல் வாங்கிவிட்டேன். கரித்துணியின் முதல் சதுரம் முடிந்தது. ஊக்கு மாட்டி எண்ணியதால் நான்கு பக்கமும் நேராக வந்திருக்கிறது. இயந்திரத்துக்கும் எண்ணெய் விட்டாயிற்று. திசையன்விளை அண்ணன் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு விலை பற்றி யாரும் கேட்கவில்லை. மகள் மட்டும் தனக்கு ஒரு கைக்குட்டை வேண்டும் என்றும், அதன் ஓரத்தில் குரோஷாப் பூ இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாள். ஆசிரியை அக்கா, துணியின் ஓரத்தில் ஊசி நேரடியாக நுழையுமா? மூலையில் எப்படித் திருப்புவது?

பாளை தையல் ஆசிரியை எழுதுகிறார்:

குரோஷா ஊசியின் முனை மொட்டையாக இருப்பதால் நேரடியாக நுழையாது, தங்கையே. கைக்குட்டையின் ஓரத்தை மெலிதாக மடித்துத் தைத்துவிட்டு, மடிப்புக்குச் சற்று உள்ளே தடித்த தையல் ஊசியால் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் துளையிட்டுக்கொண்டே போங்கள். மெல்லிய நூலும் எஃகு ஊசியும் இதற்கு வேண்டும். இழைகளை அறுக்காமல் ஒதுக்குவதே நோக்கம், ஆகையால் கூர்மையான ஊசியை அழுத்தமாகக் குத்தாதீர்கள். அந்தத் துளைகளில் சுற்றிலும் ஒவ்வொரு சிங்கிள் தையல் போடுங்கள்; மூலைத் துளையில் மட்டும் மூன்று போட்டால் ஓரம் இழுக்காமல் திரும்பும்.

அடுத்த சுற்றில் சிப்பிப் பூ வைக்கலாம். ஒரே தையலில் ஐந்து டபுள் போட்டு, இரண்டு தையல் விட்டு, ஒரு சிங்கிள் போட்டு, மீண்டும் இரண்டு விட்டால் ஒரு பூ நிறைவடையும். இதற்கு 6 தையல் தேவை. மூலையில் போட்ட மூன்றில் நடுத் தையலிலிருந்து அடுத்த மூலையின் நடுத் தையல் வரை எண்ணிக்கை 6-இன் மடங்காக இருக்கும்படி முதல் சுற்றிலேயே பார்த்துக்கொண்டால், நான்கு மூலையிலும் ஒவ்வொரு சிப்பி சரியாக வந்து அமரும். முடிந்ததும் நனைத்து, தடித்த துண்டின்மேல் விரித்து, ஒவ்வொரு சிப்பியையும் குண்டூசியால் இழுத்துக் குத்தி வையுங்கள். வடிகஞ்சியை நன்றாக நீர்க்கவைத்து ஓரத்தில் மட்டும் தடவி நிழலில் உலர்த்தினால் பூ விறைப்பாக நிற்கும். துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்து எடுங்கள்; துருக்கறை வெள்ளைத் துணியிலிருந்து எளிதில் போகாது.